நாற்பதாயிரத்தில் ஒரு போன்

கீத் அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிவைப்பான். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம். கீறல் விழுந்துவிடக் கூடாதாம். அது மேசைமேல் 'டக்'கென்று வைக்கப்படும் சத்தம் கேட்டதுமே அவன் மனைவி ஆனி முகத்தைப் பொத்திக்கொள்வாள். முகத்தைப் பொத்தினால் அடி காதில் விழும். போன நவம்பரில் அப்படி விழுந்த ஓர் அறையில் இடது செவிப்பறை கிழிந்தது. கழுத்து வழியே ரத்தம் இறங்க, காலில் செருப்புகூட இல்லாமல், சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டின் பதினோரு மாடிப் படிகளையும் ஓட்டமாய் இறங்கி அவள் தப்பித்தாள். லிஃப்டுக்குக் காத்திருந்தால் பிடித்திருப்பான்.

நேராக அப்பா லாசரஸின் வீட்டுக்கு வந்தாள். பதினைந்து நாள் இருந்தாள். பதினாறாம் நாள் கீத் வந்து கேட்டை உதைத்தான். உதைத்து முடித்துவிட்டு, "மாமா, மன்னிச்சிடுங்க" என்று அழுதான். லாசரஸ் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

"புருஷன் பொண்டாட்டின்னா முன்னபின்ன இருக்கும்மா. ஃபாதர்கிட்ட உக்காந்து பேசுனா சரியாயிடும்" என்றார்.

அந்தத் தேநீர்க் கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தவள் ஆனியின் தங்கை ஜெனிவீவ். "காது கிழிஞ்சிருக்குப்பா! ஃபாதர் வந்து தைப்பாரா?"

அதன்பிறகு ஆனி நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கினாள். அவளை நெருங்கவோ தொடவோ கூடாது என்று கீத்துக்கு உத்தரவு. சிம் கார்டை மாற்றினாள். எங்கோ ஓர் அறை, எங்கோ ஒரு வேலை. எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை, தங்கைக்கும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுவாள்.

"எங்கக்கா இருக்க? எனக்கு மட்டுமாவது சொல்லேன்."

"உனக்குத் தெரியாட்டி உன் வாயிலேர்ந்து வராது. நீ அவன்கூட ஒரே ஆபீஸ்ல உக்காந்திருக்க, ஜென்."

அது உண்மை. ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அந்த ஆபீஸ். கடைகள், கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள், ஒரு மாதா கோயில் மண்டபம் என்று அறுபத்திரண்டு இடங்களின் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்பெனி. கீத் அங்கே சீனியர். ஜெனிவீவ் ஜூனியர். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். மூன்று நேர்காணல் தாண்டி உள்ளே வந்தவளை, 'மாப்பிள்ளை சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை' என்று அப்பா கோயில் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கீத் செய்தது தெரிந்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. ஓட வேண்டியவன் அவன்; நான் ஏன் ஓட வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள். முன்பு 'அத்தான்' என்றவள் இப்போது 'கீத்' என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேலையைத் தவிரப் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது.

அறுபத்திரண்டு இடத்து வைஃபை பெட்டிகளையும் ஓர் இடத்திலிருந்து மேய்க்க ஆபீஸில் ஒரு கன்ட்ரோலர் இருந்தது. எந்தக் கடையில் எந்தப் போன் வைஃபையில் சேர்ந்தாலும் அது ஒரு வரி எழுதும். விலகினாலும் ஒரு வரி எழுதும். சேர்ந்தது, விலகியது, சேர்ந்தது, விலகியது என்று ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வரி. அது எழுதிவைக்கும் 'லாக்' என்ற பதிவேடோ சின்னது. ஒரு மணி நேரத்தில் பழைய வரிகள் அடிபட்டுப் போகும். போன மாதம் ஒரு பல் கிளினிக்கின் பெட்டி நாலு மணி நேரம் செத்துக் கிடந்தது. செத்த செய்தியைக் கன்ட்ரோலர் எழுதத்தான் செய்தது. இந்தக் குப்பையில் யார் கண்ணிலும் படவில்லை. கிளினிக்காரர் முதலாளி ஷங்கரைக் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்.

"இந்தச் சேர்ந்தது விலகியது எழவையெல்லாம் நிறுத்துங்கலா. வேண்டியது மட்டும் வரணும். வர்றது நேரா கீத் போனுக்கு அலர்ட்டா போகணும்" என்றார் ஷங்கர்.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. கன்ட்ரோலரில் எதை மாற்றினாலும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் படிவம் எழுதி மாற்றுவார், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவார். ஒப்புதல் தருகிறவன் கீத். ஆகவே அவன் கையால் மாற்ற முடியாது. படிவம் ஜெனிவீவ் பெயரில் போனது.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தாள். எந்த வகைச் செய்தி வெறும் இரைச்சல், எது வேண்டியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெட்டி செத்தால் வரட்டும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் வரட்டும். போன்கள் வருவதும் போவதும் அடியோடு வேண்டாம். நன்றாகத்தான் செய்தாள். அந்த வேலையில் அவளுக்குக் கர்வம் உண்டு.

கீத் படிவத்தைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் ஒரு குறிப்பு எழுதினான். பன்னிரண்டு எழுத்தில் ஒரு போனின் அடையாள எண். 'இந்த ஒன்றை மட்டும் விதிவிலக்காக விடவும். டெஸ்ட் போன்.'

"எதுக்கு?" என்று கேட்டாள்.

"ஃபில்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரிய ஒரு போனாச்சும் லாக்ல வரணும்லா. எல்லாத்தையும் அடைச்சிட்டா எப்படிப் பாக்குறது? யுனிவர்சிட்டில இதெல்லாம் சொல்லித் தரலியா?"

சொன்னதில் தப்பு இல்லை. வேலை தெரிந்த எவனும் அப்படித்தான் செய்வான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. அந்தக் கடுப்பில், அந்த எண் யாருடையது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்க்காமல் அதைச் சேர்த்தாள். மாற்றத்தை ஏற்றினாள். நாற்பதாயிரம் வரி முப்பத்தொன்றாகச் சுருங்கியது. "கெட்டிக்காரி" என்றார் ஷங்கர். கீத்கூடக் கை தட்டினான்.

அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுதலாம் என்று அந்த வார வரிகளைத் திறந்தாள்.

பாதிக்கு மேல் அந்த டெஸ்ட் போன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. டெஸ்ட் போன் என்றால் ஆபீஸ் டிராயரில் கிடக்கும். இது ஊர் சுற்றுகிறதே? காலை எட்டு பத்துக்குச் செங்காங்கில் ஒரு கிளினிக் வாசல். ஒன்பது ஐந்துக்குத் தேக்கா சென்டர் சந்தையின் மேல்மாடி. மதியம் ஒன்றரைக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு ரொட்டிக் கடை, இருபது நிமிடம். மறுபடி தேக்கா மேல்மாடி. மாலை ஆறே முக்காலுக்கு விலகியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை ஏழு மணிக்கு மாதா கோயில் மண்டபம். ஏழு மணிப் பூசை.

அவள் கை நின்றது.

ஏழு மணிப் பூசைக்கு ஆட்கள் குறைவு. தெரிந்த முகம் யாரும் வர மாட்டார்கள். ஒளிந்து வாழ்கிற ஒருத்தி அதற்குத்தான் போவாள்.

அப்பா வீட்டு வைஃபையை அமைத்தவள் அவள்தான். ஆனி வந்து தங்கிய அந்தப் பதினைந்து நாளில் அக்காவின் போனையும் அதில் சேர்த்திருந்தாள். தன் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து, பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பன்னிரண்டும் ஒன்றுதான்.

ஆனி சிம்மை மாற்றினாள், போனை மாற்றவில்லை. அந்தப் போனை வாங்கித் தந்தவன் கீத். இந்தக் கம்பெனிக்கு ஒரு சோம்பேறிப் பழக்கம் உண்டு. ஒவ்வொரு கடையிலும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று, தங்கள் ஆட்களுக்காக அறுபத்திரண்டு இடத்திலும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் ஒரு வைஃபையை ஒளித்து வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில், "எங்க போனாலும் உனக்கு ஓசி நெட்டு" என்று கொஞ்சிக்கொண்டே அதை மனைவியின் போனில் போட்டுக்கொடுத்தான் கீத். போன் தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும் வசதியையும் அன்றைக்கே அணைத்துவிட்டான். அவள் எங்கே நடந்தாலும் அந்தப் போன் கையைத் தூக்கி 'நான் இங்கே இருக்கேன்' என்றுகொண்டே இருந்தது. இத்தனை நாள் நாற்பதாயிரம் வரியின் சந்தடியில் அது கேட்கவில்லை. சந்தடியை அடக்கிக் கொடுத்தவள் ஜெனிவீவ்.

நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். கீத்தின் இடம் காலி. மேசையில் விசைப்பலகைக்குப் பக்கத்தில், மடித்த கைக்குட்டையின் மேல், அவன் கைக்கடிகாரம் இருந்தது.

"கீத் எங்க?" என்று கத்தினாள்.

பக்கத்து மேசை அன்வர் காதிலிருந்ததைக் கழற்றினான். "சைட்டுக்குப் போறேன்னு இப்பத்தான் போனாரு. இருவது நிமிஷம் இருக்கும். ஏன்?"

திரையை ஒரு படம் எடுத்தாள். படிவத்தை, அடியில் இருந்த குறிப்போடு, ஒரு படம் எடுத்தாள். படி இறங்கிக்கொண்டே போலீசுக்கு, 999-க்கு அழைத்தாள். தேக்கா சென்டர், மேல்மாடி, பாதுகாப்பு ஆணை இருக்கிறது, அவன் அவளைக் கொல்லப் போகிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எந்தக் கடை என்று கேட்டார்கள். வைஃபை பெட்டி மாடி முழுக்க ஒன்றுதான், கடை தெரியாது என்றாள். அக்காவை எச்சரிக்க அவளிடம் ஒரு நம்பர்கூட இல்லை.

ஓடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சிவப்பு விளக்கில் குறுக்கே பாய்ந்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே திட்டினான். தேக்காவின் கீழ்த்தளத்தில் மீன் தண்ணீரில் கால் வழுக்கி முழங்கால் தோல் பெயர்ந்தது. எஸ்கலேட்டரில் நின்றவர்களை இடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மேல்மாடியில் எந்தக் கடை என்று தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் நின்றது. பத்துப் பதினைந்து பேர். ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து ஒரு சத்தம், மரத்தில் தேங்காய் மோதுவதுபோல.

ரவிக்கைகள் தொங்கும் தையற்கடை அது. கடைக்காரர் அழகேசன் வாசலில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட உட்கார்ந்திருந்தார். தடுக்கப் போனவருக்கு விழுந்த குத்து. உள்ளே கீத் ஆனியின் கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவள் நெற்றியைத் தையல் மேசையின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு வார்த்தையாக.

"கோர்ட்டுக்கு. போவியா. நாயே. கோர்ட்டுக்கு."

ஆனியின் வலது கை மணிக்கட்டிலிருந்து வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அவள் கத்தவில்லை. கத்தும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

"விடுடா!"

கீத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வாங்க எஞ்சினியர் மேடம். ஆனி, உன் தங்கச்சிக்குத் தேங்க்ஸ் சொல்லு. அவதான் உன்னைய எனக்குக் காட்டிக் குடுத்தது."

ஜெனிவீவ் கையில் முதலில் சிக்கியது அளவுக் குச்சி. அவன் முதுகில் அடித்தாள், முறிந்தது. அவன் சுழன்று விட்ட குத்தில் அவள் கீழுதடு பல்லில் கிழிந்தது. வாயெல்லாம் ரத்தம். துப்பினாள். துணி தேய்க்கும் பலகையில் இஸ்திரிப்பெட்டி நின்றது. தையற்காரர்களின் கனத்த பெட்டி, சிவப்பு விளக்கு எரிய. அதை எடுத்தாள். கூந்தலைச் சுற்றியிருந்த அந்தக் கையின் மேல் அழுத்தினாள்.

தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. கீத் அலறிய அலறலில் வெளியே வீடியோ எடுத்தவன் இரண்டடி பின்வாங்கினான். கூந்தல் விடுபட்டது. ஆனி மேசைக்கடியில் சரிந்தாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஜெனிவீவ் நிறுத்தவில்லை. ஒயரோடு பிய்ந்துவந்த பெட்டியை ஓங்கி அவன் முழங்கையில் இறக்கினாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. அவன் விழுந்தான். விழுந்தவனின் வாயில் இறக்கினாள். பல் ஒன்று தரையில் உருண்டு ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அடித்த ஒவ்வொரு அடியும் அவளுக்கு இனித்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. மூன்றாவதாகத் தலைக்கு ஓங்கியபோது அழகேசன் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தார்.

"போதும்மா! செத்துருவான்மா! இவனுக்காக நீ உள்ள போவணுமா?"

"விடுங்கண்ணே! விடுங்க என்னைய!"

"விட மாட்டேன். அக்காவப் பாரு. அங்க பாரும்மா, அக்காவப் பாரு!"

பார்த்தாள். பெட்டி கையிலிருந்து விழுந்தது.

போலீஸ் வந்தபோது மூன்று மணி இருக்கும்.

மருத்துவமனை அவசரப் பிரிவில், திரைக்கு அந்தப் பக்கம் ஆனியின் நெற்றியில் பதினொரு தையல் போட்டார்கள், மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. இந்தப் பக்கம் ஜெனிவீவ் கிழிந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி அஹ்சன் கையில் நோட்டோடு நின்றார். இளைஞர், நிதானமானவர், ஆங்கிலத்தில் பேசினார். கீத்துக்கு வாய் வீங்கிவிட்டதால் பழுதில்லாத கையால் எழுதிக் காட்டியிருக்கிறானாம். பேண்ட் தைக்கக் கொடுக்கத் தேக்கா போனேன். மனைவி அங்கே இருப்பது தெரியாது. பார்த்ததும் பேச்சு முற்றிவிட்டது. மைத்துனி சூடான இஸ்திரிப்பெட்டியால் கொல்லப் பார்த்தாள்.

"தற்செயலாகப் பார்த்தானா, தேடிப் போனானா என்பது முக்கியம். உங்களுக்கு அதைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்றார் அஹ்சன்.

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. ஷங்கர். எழுந்து சுவரோரம் போனாள்.

"ஜென், அன்வர் அந்த வீடியோவையும் உன் ஸ்கிரீனையும் காட்டினான். அக்கா எப்படி இருக்காங்க? சரி, கேளு. அவன நான் வேலைய விட்டுத் தூக்கிடறேன், அத விடு. ஆனா லாக் விஷயத்தப் போலீஸ்கிட்ட பேசாத லா. கஸ்டமர் வைஃபைய வச்சு ஒரு பொம்பளையத் தொடர்ந்து போனோம்னு வெளிய தெரிஞ்சா கம்பெனி காலி."

"அந்தப் போன் நம்பர விடச் சொல்லி எழுதினது அவன்."

"ஒப்புதல் அவன். செஞ்சது நீ. படிவத்துல உன் பேருதான் இருக்கு. ஏற்கெனவே ஒருத்தன் கைய எரிச்சிருக்க. இன்னொண்ணையும் ஏன் நீயே தலையில வாரிப் போட்டுக்குற? நல்லா யோசி. நான் ராத்திரிக்குள்ள கன்ட்ரோலர க்ளீன் பண்ணச் சொல்லிடறேன். நீ ஒண்ணும் பார்க்கல."

அவள் போனை வைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனியின் ஒரு கண் முழுதாக மூடிக்கிடந்தது. இன்னொரு கண் தங்கையைப் பார்த்தது. "அவன் சொன்னானே. உன் தங்கச்சி காட்டிக் குடுத்தான்னு. என்னடி அது? நான் எங்க இருக்கேன்னு உனக்கே தெரியாதே?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் சும்மா உளறினான்க்கா என்று சொல்லியிருக்கலாம். ஆனி நம்பியிருப்பாள்.

ஜெனிவீவ் சொன்னாள். நாற்பதாயிரம் வரியை, விதிவிலக்கை, கன்ட்ரோலரை, தான் தேடிப் பார்க்காமல் விட்ட பன்னிரண்டு எழுத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். "யாரோட போன்னு ஒரு நிமிஷம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா. பாக்கல. அவன் கிண்டல் பண்ணிட்டான்னு ரோஷத்துல போட்டுட்டேன்."

ஆனி நல்லதாயிருந்த இடது கையைத் தூக்கித் தங்கையின் கன்னத்தில் அறைந்தாள். பலமான அறை. கிழிந்த உதடு மறுபடி திறந்து தாடை வழியே ரத்தம் இறங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"ரோஷம்" என்றாள் ஆனி. "உன் ரோஷத்துக்கு என் மண்டை."

ஜெனிவீவ் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொன்று விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள். விழவில்லை.

"அவன் தற்செயலா வந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கான்க்கா. முதலாளி ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் அழிக்கப் போறாரு. எங்கிட்ட படம் இருக்கு. குடுத்தா என் பேரும் அதுல இருக்கு."

"இருந்தா?"

"வேலை போகும். கேஸும் வரலாம்."

"வரட்டும்" என்றாள் ஆனி. மூடாத கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. குரலில் மட்டும் ஈரமே இல்லை. "அவன் ஆறு மாசத்துல வெளிய வந்தான்னா மறுபடி தேடுவான். உனக்கு வேலை போனா வேற வேலை. எனக்கு வேற மண்டை இல்ல. போ. போய்க் குடு. குடுத்துட்டு வா, அப்புறம் நான் உன்கூடப் பேசறதா வேணாமான்னு யோசிக்கிறேன்."

ஜெனிவீவ் வெளியே வந்தாள். அஹ்சன் இன்னும் அங்கேயேதான் நின்றார். போனைத் திறந்து முதல் படத்தை நீட்டினாள். திரை முழுக்க வரிகள்: செங்காங், தேக்கா, ரொட்டிக் கடை, தேக்கா.

"ஆபீஸ் கன்ட்ரோலரை இப்பவே கைப்பற்றுங்க. ராத்திரி வரைக்கும் விடாதீங்க. முதலாளி பேரு ஷங்கர், அழிச்சிடுவேன்னு அவரே சொன்னாரு" என்றாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் பாதியில் தமிழுக்கு வந்திருந்தாள். அவர் புரிந்துகொண்டு, ஓரமாய்ப் போய் யாரையோ கூப்பிட்டு முகவரி சொன்னார். திரும்பிவந்து இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினார். படிவம். கீழே கீத்தின் குறிப்பு. மேலே ஒரு பெயர்.

"இது யார்?"

"நான்."

உதட்டை அழுத்தியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, தன் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அஹ்சன் எழுதத் தொடங்கினார்.